ஏழாம் பை

விண்ணிலிருந்து எடுத்த படத்தில்
குடும்பிமலைக்குத் தெற்கே
புல் முளைக்காத ஒரு துண்டு நிலம்.
நிக்கல் கூடிய மண்ணில் மரம் குறுகும், புல் தயங்கும்,
கீழே பாம்புக்கல் இருக்கலாம் என்று
கொழும்புக்கு எழுதினேன்.
பெற்றோலுக்குக் காசு வந்தது.
பத்துப் பைகளைச் சோதிக்கவும்.

கச்சான் வீசும் ஆடி.
கிரான் தாண்டி, தரவை தாண்டி,
பட்டிக்காரர் சாமித்தம்பி முன்னே நடந்தார்.
"என்னத்தத் தேடுறீங்க பிள்ள?"
பிளாட்டினம்.
"அது தங்கமா?"
தங்கத்தைவிடப் பாரம்.
"மறுகா ஏன் இத்தின சின்னப் பை?"

என்ன சொல்ல?
ஆழத்தில் ஒரு குழம்பு,
ஆறுவதற்கு ஆயிரமாயிரம் ஆண்டு எடுத்துக்கொள்வது.
முதலில் உறையும் பச்சை மணிகள் அடியில் படியும்,
குரோமைட்டின் கறுப்பும் கூடவே இறங்கும்.
கந்தகம் மட்டும் சேர மறுத்து
கறிச்சட்டி எண்ணெய்போலத் துளித்துளியாய்ப் பிரியும்,
ஆனால் மிதக்காது, கீழே போகும்,
போகும் வழியில் அகப்படும் பிளாட்டினத்தையெல்லாம்
கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு.
மலையளவு பாறையில் அவை தங்குமிடம்
ஒரு சாண் தடிப்பு.
சிலவேளை அதுவும் இல்லை.

பாதி சொல்லும்போதே நாகு ஒன்று பற்றைக்குள் நுழைய
அவர் அதன் பின்னால் போய்விட்டார்.

கல் இருந்தது. பொய் சொல்லவில்லை நான்.
பச்சை, வழுவழுப்பு,
ஒரு பாண் அளவுக்கு வெளியே தெரிந்தது.
சுற்றிவர வெறுந்தரை.
"இதில புல்லு இல்லாதது கல்லால இல்ல.
வாகனம் நிண்ட இடம். மூண்டு வருஷம்."
எந்த வாகனம் என்று நான் கேட்கவில்லை.
அவரும் ஆருடையது என்று சொல்லவில்லை.

அருவி வற்றி மடுமடுவாய்க் கிடந்தது.
சோற்றுக்கு அரிக்கும்போது
மேலே வருவதை எடுத்து அடியில் கிடப்பதை எறிவோம்.
மண் அரிப்பவளுக்கு எல்லாம் தலைகீழ்.
தட்டைச் சுழற்றச் சுழற்ற
மணல் போனது, அபிரகம் மினுங்கிக்கொண்டே போனது,
சிவப்பாய்க் கொஞ்சம், கறுப்பாய்க் கொஞ்சம் மிஞ்சின.
கறுப்பு, காந்தத்தில் துள்ளி ஒட்டியது.

ஏழாவது மடுவில்
காந்தம் தொடாத சாம்பல் நிறக் குறுணி.
நெஞ்சு அடித்த அடியில் தட்டு ஆடியது.
நகத்தால் கீறினேன்.
கீறுப்பட்டது.
பிளாட்டினம் நகத்துக்கு அவ்வளவு இலேசில் இடம்கொடாது.

அதையும் பையில் போட்டுக் கட்டினேன்.
வேறு எங்கே போட?

ஆய்வுகூடத்தில் கல்லைத் தூளாக்கி
ஈயம் கலந்து உருக்குவார்கள்.
உருகிய ஈயம் அடிக்கு இறங்கும்,
வழியில் பிளாட்டினத்தைப் பொறுக்கிக்கொண்டு.
(அந்தக் கந்தகத் துளியின் வேலையேதான்.)
மறுபடி சுடும்போது
எலும்புச் சாம்பலால் செய்த கிண்ணம்
ஈயத்தைக் குடித்துவிடும்.
மிஞ்சுவது ஒரு மணி, கடுகிலும் சிறிது.

மூன்றாம் கிழமை ருஷ்தா எடுத்தாள்.
"ஏழாம் பையில நாங்க போட்டதுக்கு மேலால ஈயம் வருது.
உங்கட தட்டில பற்றவச்ச இடம் ஏதும்...?"
இல்லை.
"அப்ப?"
அங்கே நிலத்தில் இருக்கிறது என்றேன்.
கொஞ்ச நேரம் அவளுடைய மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

அறிக்கை ஒரு தாள்.
பத்துப் பைக்கும் ஒரே விடை:
கண்டறியும் எல்லைக்குக் கீழே.
இல்லை என்று எழுத அவர்களுக்கு அனுமதி இல்லை.
கருவி காணவில்லை என்பது மட்டும்தான்
கருவிக்குத் தெரியும்.

திரும்பி நடக்கையில் சாமித்தம்பி ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்:
"அந்த மடுத் தண்ணி மாடு குடிக்கலாமா?"
பிளாட்டினம் நினைப்பில்
பார்த்துச் சொல்றேன் என்றிருந்தேன்.
தண்ணீருக்கு வேறு சோதனை, வேறு காசு,
என் கடிதத்தில் அந்த வரியே இல்லை.

சனிக்கிழமை
சோடாப் போத்தல் இரண்டை அலசிக் கவிழ்த்துவிட்டு
கிரான் பஸ் எத்தனை மணிக்கு என்று
கடைக்காரரிடம் கேட்டேன்.