காற்றுக்கு ஒரு குழாய்

காய்ந்த ரோட்டில் அது வண்டி.
ஹென்னூர் தாண்டி, பாகலூர் போகிற வழியில்
இடப்பக்கம் திரும்பி
ஒரு வீடும் எழும்பாத அந்த லேஅவுட்டின்
செம்மண்ணில் இறங்கியதும்
எருமை.

நூறு சிசி. மஞ்சள்.
நான் சீட்டு எடுத்துக் கொடுத்த முப்பத்தெட்டாயிரத்துக்கு
கொழுந்தன் ரூபன் தள்ளிக்கொண்டு வந்து
வாசலில் சாத்திவிட்டுப் போனது.
"உங்களுக்குத்தான் அண்ணி, சரியான உயரம்."
உயரம் சரிதான்.

ஞாயிற்றுக்கிழமை நைட் டூட்டி முடித்து
சைட் நம்பர் 114 கல்லிலிருந்து
தைலமரத் தோப்பு வரை ஒரு சுற்று.
அவ்வளவுதான் என் ஆசை.

பாதிச் சுற்றில்
கால் வைக்கும் கம்பியைச் சேறு தொடும் இடத்தில்
இருமும்.
முறுக்கினால் இன்னும் இருமும்.
பிறகு நிற்கும்,
ஒரு கேள்வி கேட்டதும் எழுந்து போய்விடுகிறவர்களைப் போல.
ஐந்து நிமிஷம் திட்டிவிட்டு உதைத்தால்
ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும்.

லிங்கராஜபுரம் பாலத்தடி பைரேகௌடா
கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். முந்நூறு.
பிளக் மாற்றினார். நூற்றெண்பது.
மூன்றாம் வாரம் கையைத் துடைத்துக்கொண்டே
"கெசரல்லி ஆனேனூ சிக்காக்கொளுத்தே மேடம்" என்றார்.
சேற்றில் யானையும் மாட்டுமாம்.
அதற்குக் காசு வாங்கவில்லை.

அன்று இரவு ரூபனுக்கு அனுப்பினேன்:
தெரிந்தே என் தலையில் கட்டியிருக்கிறாய்.
இரண்டு நீலக் கோடு. பதில் இல்லை.
மறுபடி: உன் புத்தி மாதிரிதான் உன் வண்டியும்.
அதற்கும் நீலம்.

புதன்கிழமை, மூன்றாம் மாடி, ஒன்பதாம் படுக்கை.
கண்ணாடி பாட்டில் மருந்து; டிரிப் சொட்டவில்லை.
புதிதாகச் சேர்ந்த மிசோரம் பெண்
நரம்பைத் தடவுகிறாள், கிளிப்பைத் திருகுகிறாள்,
பாட்டிலைத் தட்டுகிறாள்.
நான் போய் மூடியில் ஒரு வெற்று ஊசியைக் குத்தினேன்.
குபுக்கென்று ஒரு குமிழி மேலே போயிற்று.
சொட்டு.
சொட்டு.
காற்று உள்ளே போகாமல்
எது கீழே இறங்கும்?

ஊசியைப் பிடித்த கை அப்படியே நின்றது.
டூட்டி முடிய இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.

யூனிஃபார்மோடு, மொபைல் வெளிச்சத்தில்
வண்டிக்கடியில் படுத்தேன்.
கார்ப்பரேட்டரிலிருந்து தொங்கும் சின்னக் குழாய்கள் நான்கு,
ஆளுக்கொரு திசையில் கிடக்க வேண்டியவை,
ஒன்றாய்
ஒழுங்காய்
ஒரே கட்டாய்க் கீழே பார்த்துக்கொண்டு.
வாயெல்லாம் சேறு, காய்ந்து செங்கல்லாகி.
கட்டியிருந்தது வெள்ளை பிளாஸ்திரி.
எங்கள் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி.

வண்டி வந்த முதல் நாள்
கண்டபடி தொங்குகிறதே என்று
சுற்றியது நான்தான்.
உரிக்கச் சுலபமாக இருக்கட்டுமென்று
ஓரத்தை மடித்துக்கூட விட்டிருந்தேன்.

முதலில் டிரிப் குழாயை மாட்டிப் பார்த்தேன்.
நாலே நாளில் பெட்ரோல் அதை விறகாக்கியது.
பிறகு ஜே.சி. ரோட்டில் அளந்து வாங்கிய ஹோஸ்,
இருபத்தைந்து ரூபாய்க்கு மூன்று வாய் ஜாயின்ட்.
ஒரு வாய் கீழே, எப்போதும் போல.
ஒரு வாய் டேங்குக்கு அடியில்,
சேறு எட்டாத உயரத்தில்.

ஞாயிறு. இரவெல்லாம் மழை.
114. கம்பி மூழ்கியது.
இருமவில்லை.
தைலமரத்தைத் தொட்டுத் திரும்புகையில்
பின்சக்கரம் புதைந்து
நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்.
படுத்துக்கொண்டும் ஓடியது என்ஜின்;
சக்கரம் சும்மா சுற்றி
என் முகத்தில் சேற்றை வாரி வாரி இறைத்தது.
கொஞ்ச நேரம் அணைக்காமலே இருந்தேன்.

ரூபனை அழைத்தேன். ஆறாவது ரிங்கில் எடுத்தான்.
"என்ன அண்ணி, மறுபடி நின்னுடுச்சா?"
"இல்ல. ஓடுது."
"என்ன கோளாறாம்?"
"ஒரு குழாய் அடைச்சிருந்தது."
"யாரு அடைச்சது?"

ஹேண்ட்பேகில் அந்தப் பிளாஸ்திரித் துண்டு
இன்னும் ஓரம் மடிந்தபடியே இருந்தது.

"சாப்பிட்டியா ரூபன்?" என்று கேட்டேன்.