வாக்கு

வால்திவியாவில் ஏழாவது நாளாக மழை.
ஆற்றோர விடுதியின் மூன்றாவது மாடியில்
கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து பேர்.
ஆறாவதாக நான்,
மேசை மூலையில்
தண்ணீர்க் குவளைகளோடு சேர்த்து எண்ணப்படுகிறவள்.
எனக்கு மூன்று மொழி உண்டு.
வாக்கு இல்லை.

கீழே மீன்சந்தையில்
வெட்டி எறிந்த தலைகளுக்காகக் கடற்சிங்கங்கள்
ஒன்றையொன்று அதட்டிக்கொண்டிருந்தன.
அங்கே என்னை யாரும் கூப்பிடவில்லை.

பன்னிரண்டு படங்கள். பத்தைக்
காபி ஆறுவதற்குள் தள்ளிவிட்டார்கள்.
வீட்டை அடகு வைத்து யாரோ
மூன்று வருடம் எடுத்த படம்
"ம்ஹூம்" என்ற ஒற்றை முனகலில் போயிற்று.
அதையும் பெயர்த்தேன்:
"ம்ஹூம்."

மிஞ்சியவை இரண்டு.
ஒன்றில் ஒரு படகுக்காரன்
ஆள் வராத துறையில் பதினொரு நிமிடம்
காத்திருக்கிறான். கேமரா அசையவில்லை.
மற்றதில் ஒரு செவிலி
திருடிய மருந்தோடு கடைசிப் பேருந்துக்கு ஓடுகிறாள்.
கேமராவுக்கும் மூச்சு வாங்குகிறது.

அந்த அறையில் நான் என்றால் நானில்லை.
"நான் அழுதுவிட்டேன்" என்றேன்,
அது திபிலீசியிலிருந்து வந்த நுக்ஸார்.
"எனக்கு இது அறவே பிடிக்கவில்லை" என்றேன்,
அது தலைவி கிரிசெல்தா.
என் வாயாலேயே என்னோடு சண்டை போட்டு
என் வாயாலேயே மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.
படகுப் படத்தில் லுவால்ஹாத்தி
நாற்பது நிமிடம் உறங்கியதைப் பற்றி
எவரும் பேசவில்லை,
ஆகவே நானும்.

சீட்டைக் குவளையில் போடுமுன்
கடைசியாக ஒரு சுற்று, என்றார் தலைவி.
ஸூங்ரானா, வாகதூகூவின் ஒளிப்பதிவாளர்,
ஜன்னல் வெளிச்சத்தைக் கண்ணால் அளந்தபடி
படகுப் படத்துக்கு ஒரே ஒரு சொல் சொன்னார்.
பிரெஞ்சில் அது ஓரசை.
சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

லுவால்ஹாத்தி பேனாவைத் திறந்து வைத்திருந்தாள்.
"என்ன சொன்னார்?"

மந்தம் என்று சொல்லலாம்.
அதுதான் முதலில் நாக்கில் வந்தது.
"நிதானம்" என்றேன்.

ஏன் என்று அந்த இரவு முழுக்கக் கேட்டுக்கொண்டேன்.
கூலிக்கு நாணயமானவள் நான். பதினாறு வருடத்தில்
ஒரு வசவைக்கூட மெருகேற்றியதில்லை.
ஆனால் அந்தப் பதினொரு நிமிடம்
அரங்கின் இருட்டில்
என் வாயில் எவர் சொல்லும் இல்லாமல் இருந்தேன்.
அவ்வளவுதான்.
காரணமாகச் சொல்ல இது போதாது, தெரியும்.

மூன்றுக்கு இரண்டு.
யார் சீட்டு எதுவென்று எழுதி வைப்பதில்லை.

மறுநாள் மாலை, செவிலிப் படத்தை எடுத்த இலிங்கா
நாலாவது வரிசை ஓரத்தில்.
நனைந்த சப்பாத்துக்குள் செய்தித்தாள் திணித்து
வெந்நீர்க் குழாயோரம் காய வைத்திருந்தாள்.
காலுறையோடு உட்கார்ந்து
கைதட்ட ஆயத்தமாக இருந்தாள்,
யாருக்கென்று இன்னும் தெரியாமல்.

கிரிசெல்தா உறையைப் பிரித்து வாசித்தார்:
"காத்திருப்பதை அறிந்த படம்.
அதன் நிதானத்துக்காக."

என் சொல். மேடை விளக்கில்,
மணிமணியான ஸ்பானிஷில்.

கண்ணாடிக் கூண்டுக்குள் என் முறை வந்தது.
இதைப் பிரெஞ்சில் சொல்ல வேண்டும்.
மூன்றாவது வரிசையில் ஸூங்ரானா
காதொலிக்கருவியை விரலால் அழுத்திக்கொண்டார்.
அவர் தந்த ஓரசையையே திருப்பித் தந்தால்
பரிசு வசவாகிவிடும்.
வேறு சொல் தந்தால்
அது எங்கிருந்து வந்ததென்று அவருக்குத் தெரிந்துவிடும்.

ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு எரிந்தது.
அவர் திரும்பிக் கூண்டைப் பார்த்தார்.
கைதட்டல் தொடங்கிவிட்டிருந்தது,
இலிங்காவும் தட்டிக்கொண்டிருந்தாள்,
நான் இன்னும் வாய் திறக்கவில்லை.