பட்டாணிக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில்

டிசம்பரில் ஹீயுமா தீவுக்கு
ஆறு மணி நேரம்தான் பகல்.
அதில் ஐந்தரை மணி நேரம்
மருந்துக்கடையில் நிற்கிறேன்,
இருமலுக்கும் மூட்டுவலிக்கும் இடையே.
மிச்சம் அரை மணி என் கேமராவுக்கு.
அதிலும் பாதி
கையுறையைக் கழற்றி மாட்டுவதில் போய்விடும்.

லென்ஸ் பழையது.
பின்லாந்துக்காரர் ஒருவர் கழித்துக்கட்டியது.
வாஷிங் மெஷினுக்கென்று எடுத்துவைத்த பணம்.
யூலார் ஒன்றும் சொல்லவில்லை.
துணி பிழியும்போதெல்லாம்
அடுப்படி வரை நடந்து வந்துவிடும் பழைய மெஷின்மேல்
ஏறி உட்கார்ந்து
செய்தித்தாள் படிக்கிறான்.
அதையும் எடுத்திருக்கிறேன்.
படத்தில் சுவர் மட்டும் தெளிவு.

போன செவ்வாய்க்கிழமை
வாசல் ரோவன் மரத்தில்
புளித்துப்போன பழங்களைத் தின்று
போதையேறிக் கிடந்தது ஒரு குருவிக் கூட்டம்.
கொண்டை வைத்த, புகை நிறக் குருவிகள்.
சிறகு நுனியில்
தபால் ஆபீஸ் அரக்கு சொட்டியதுபோல் சிவப்பு.
நாற்பது இருக்கும்.
முப்பத்தொன்பது பறந்தன.
ஒன்று எங்கள் சமையலறைக் கண்ணாடியை
வானம் என்று நம்பியது.

சத்தம் கேட்டு முதலில் ஓடியவன் தாவி.
ஆறு வயது.
இரண்டு கையிலும் ஏந்தி வந்து
"இன்னும் சூடா இருக்கு" என்றான்.
அதற்கு ஒரு தாய்
என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று
இப்போது எனக்குத் தெரியும்.
அப்போது நான் சொன்னது:
"சீக்கிரம், வெளிச்சம் போகுது."

போய்விட்டது.

தயிர் டப்பாவில் வைத்து மூடி
ஃப்ரீஸருக்குள் தள்ளினேன்.
நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

புதன், மேகம்.
வியாழன், மேகத்தின்மேல் மேகம்.
வெள்ளிக்கிழமை கப்பல் தாமதம்;
அதில் கார்களை வரிசைகட்டி ஏற்றுகிறவன் யூலார்,
துறைமுகத்தில் காத்திருந்தேன்.
சனிக்கிழமை சூரியன் வந்தது.
நான் தூங்கிவிட்டேன்.
ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள்.
பிள்ளைக்கு ஐஸ்கிரீம் எடுத்துக் கொடுக்கிறேன் பேர்வழி என்று
தப்பான டப்பாவைத் திறந்தாள்.

அந்த அலறலை விட்டுவிடுகிறேன்.

இரவு போர்வைக்குள்ளிருந்து தாவி கேட்டான்:
"அதுக்குக் குளிருமா?"
"குளிராது."
"அப்போ ஏன் மூடி வச்சே?"
ஒளியின் அளவு, திறப்பு, வேகம்
எல்லாவற்றுக்கும் என்னிடம் கணக்கு உண்டு.
இதற்கு இல்லை.
விளக்கை அணைத்தேன்.

திங்கள் மதியம் தலைவலி என்று சொல்லிவிட்டு
கடையிலிருந்து வந்துவிட்டேன்.
மருந்துக்கடையில் தலைவலிக்கு விடுப்பு கேட்டவள்
நான் ஒருத்திதான்.
இரண்டரை மணி.
வெயில் படுக்கைவசமாய் உள்ளே வந்து
ஜன்னல் விளிம்பில் நீண்டு கிடந்தது.
குருவியை அதில் கிடத்தினேன்.
இறகுதோறும் உறைபனி.
அரக்குச் சிவப்பு அப்படியே.
ஐந்து நாள் காத்திருந்த படம்
லென்ஸுக்குள் வந்து உட்கார்ந்தது.

அப்போது சட்டத்துக்குள் ஒரு கை நுழைந்தது.
கோடு போட்ட காலுறை ஒன்றை
வாயை விரித்துப் பிடித்தபடி.
"தள்ளுடா" என்று சொல்ல வாயெடுத்தேன்.
விரல்தான் முந்திக்கொண்டது.
அழுத்தியபடியே இருந்தேன்,
அவன் குருவியைக் காலிலிருந்து மெல்ல நுழைத்து
கொண்டை மட்டும் வெளியே தெரிய
இழுத்துவிடும் வரை.

முப்பத்தேழு படங்கள்.
முப்பத்தாறு கலங்கல்.
மீதி ஒன்றில் குருவி கலங்கல்,
தாவியின் கட்டைவிரல் நகம் தெளிவு,
அதனடியில் பிறை போல் அழுக்கு.

புதைக்கலாம் என்று யூலார் மண்வெட்டியை எடுத்துப் போனான்.
தோட்டம் கணீரென்றது.
இரும்பை இரும்பு அடித்த சத்தம்.
"ஏப்ரல்ல பார்க்கலாம்" என்று திரும்பி வந்தான்.

அதனால் அது மறுபடியும் அங்கேதான்,
காலுறையோடு.
டப்பாவின் மேல் தாவி எழுதி ஒட்டியிருக்கிறான்,
ஒரு எழுத்து திரும்பி நிற்கிறது:
இது சாப்பாடு இல்லை.

அடுப்படிக்கு நடந்து வருகிறது மெஷின்.
உள்ளே ஜோடியில்லாத காலுறை ஒன்று
சுற்றிக்கொண்டிருக்கிறது.