ஐந்தே முக்கால் டன்

ஞாயிறு காலை மீன் கம்பெனி எடைமேடை
சும்மாதான் கிடக்கும்.
காவலாளிக்கு இரண்டு சிகரெட்.
வால்விஸ் பேயின் பனிமூட்டம்
எங்களோடு சேர்ந்து ஏறி நின்றது.

நாலரை டன், அதற்கு மேல் ஒரு கிலோ இருக்காது
என்று சத்தியம் செய்தான் ஹென்னிங்.
சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறி
5740-இல் நின்றன.
இந்த மூட்டம் எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டேன்.
அவன் சிரிக்கவில்லை.

கசெனாம்போவின் கடையில்
சுவரோரம் சாய்ந்திருந்தன மணல் பலகைகள்,
ஆரஞ்சு, கறுப்பு, வெளிறிய ஒரு பச்சை,
எல்லாவற்றுக்கும் உடம்பெல்லாம் பல்.
ஹென்னிங் மலிவானதைத் தூக்கினான்.
பத்து டன் தாங்கும் என்று அதன் முதுகில் அச்சிட்டிருந்தது.

"தாங்கும்," என்றார் கசெனாம்போ.
"தரையோடு தட்டையாகக் கிடந்தால்
என் மகளின் கணக்கு நோட்டுகூடப் பத்து டன் தாங்கும்.
ஆனால் நீங்கள் பள்ளம் தோண்டி அதன்மேல்தானே வைப்பீர்கள்?"

உள்ளே போய் ஒரு பாதிப் பலகையோடு வந்தார்.
சாண்ட்விச் ஹார்பரிலிருந்து திரும்பியது.
"ஆள் வந்தார்.
வண்டி வரவில்லை.
அலை ஏறும் நேரம்."
முறிந்த விளிம்பைத் தடவிப் பார்த்தேன்,
பிஸ்கட் போல உதிர்ந்தது.

அலுமினியம் இருந்தது, விமான ஓடுதளத்துக்குப் போடுகிற ஓட்டைத் தகடு.
முறியாது. ஆனால் வளைந்தால் வளைந்ததுதான்,
எடையோ, ஒன்றைத் தூக்குவதற்குள் என் தோள்
ஒரு கெட்ட வார்த்தை சொன்னது.
கடைசியில் அந்த நீள நைலான். ஆரஞ்சு.
சாதாரண ஜீப்புக்கு இரண்டு போதுமாம்,
எங்கள் வீட்டுக்கு நான்கு.
எடையில் சிக்கிய வண்டியை மீட்க
இன்னும் பதினாறு கிலோ எடை.

விலைக்கு ஈடாக ஜெனரேட்டரை இறக்கி வைத்தோம்.
"இனி ஒன்றும் ஒளிக்காதே" என்றான் ஹென்னிங்.
"நீயும்" என்றேன்.

ஹுவாப் ஆற்றில் தண்ணீர் இல்லை,
ஆனால் மூழ்கினோம்.
அச்சு வரைக்கும்.
டயரில் காற்றை இறக்கு என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
அவன் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டான்.
பிளாஸ்டிக் தீயும் நாற்றம்.
புதுப் பலகையில் இரண்டு வரிசைப் பல்
ஒரே நிமிடத்தில் கிழவன் வாய்.

பிறகுதான் காற்றை இறக்கினோம்.
மண்வெட்டி, வயிற்றின் கீழ் படுத்து மணல் வாருதல்,
பலகை, கொஞ்சம் நகர்வு,
பலகையைக் காணோம், தோண்டு,
மறுபடி பலகை.
மூன்று மணி நேரத்தில் ஆறு மீட்டர்.
நான்காவது பலகையை ஆறு
திருப்பித் தரவே இல்லை.

இனிச் சாமான் இறக்க வேண்டியதுதான்.
தண்ணீர் டாங்கி பாதி. இரும்புச் சட்டி.
அவன் இருக்கைக்கு அடியிலிருந்து
விற்றுவிட்டதாகச் சொன்ன எஸ்பிரெஸோ மெஷின்.
என் மெத்தைக்குப் பின்னாலிருந்து
சுமேபில் பொறுக்கிய பச்சைக் கற்கள், ஒரு சாக்கு.
மணலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.
யாரும் எதுவும் பேசவில்லை.
ஒரு தீக்கோழி தூரத்தில் நின்று
எங்கள் சம்சாரத்தைப் பார்த்துவிட்டுப் போனது.

சக்கரம் கவ்வியது.
நிறுத்தாதே நிறுத்தாதே என்று கத்தியபடி ஓடினேன்,
கெட்டித் தரை வரும்வரை நிறுத்தக்கூடாது,
அது ஒரு கிலோமீட்டர் தள்ளி வந்தது.

திரும்பி நடந்தோம்,
நாற்பது டிகிரி.
சாக்கை அவன் எடுத்துக்கொண்டான்,
நான் மெஷினை.
வழியெல்லாம் ஒவ்வொரு கல்லையும் பெயர் வைத்துத் திட்டினான்.
ஒன்றை எறிந்தான்.
எறிந்த இடத்துக்கு நானே போய் எடுத்து வந்தேன்,
மெஷின்மேல் வைத்தேன்.

இரவு இரண்டு ஜெர்ரி கேன்மேல் ஒரு பலகை போட்டுச் சாப்பிட்டோம்.
பல் தேய்ந்த பக்கம் தட்டு வழுக்கியது.
கடைக்குப் போனால் ஒற்றைப் பலகை தருவாரா
அல்லது ஜோடியாகத்தான் வாங்கவேண்டுமா என்று
ஹென்னிங் கேட்டான்.
கப்பில் கொஞ்சம் மணல் இருந்தது.
காபி நன்றாகத்தான் இருந்தது.