பெரிய எம், சின்ன கே

இரவு ஒன்றே கால். பெருங்குடி.
அலுவலகத்தில் ஏசியும் நானும்தான்.
விண்டோஸில் புட்டியைத் திறந்து
அம்பத்தூர் சர்வரின் எண்ணைத் தருகிறேன்.
தினமும் பேசாமல் கதவு திறப்பது
இன்று எச்சரிக்கிறது:
இந்த இயந்திரத்தின் கைரேகை மாறியிருக்கிறது.
நடுவில் யாரோ இருக்கலாம்.
நம்புகிறாயா?

கீழே மூன்று பொத்தான்.
எதையும் படிக்காமல் ஆமென்று அழுத்திப் பழகிய விரல்,
நேற்றுகூட ஒரு பிரிண்டருக்கு,
மௌஸின் மேல் நிற்கிறது.
விடிந்தால் எட்டாயிரம் பேருக்குச் சம்பளம்
அங்கிருந்துதான் போகவேண்டும்.

போன் போட்டேன். இரவுப் பணியில் ஜெபமணி.
பார்த்ததில்லை அவரை; இருமல் தெரியும்.
"மதியம் டிஸ்க் செத்துப்போச்சு மேடம்.
புதுசா ஏத்தினோம், மெயில் போட மறந்துட்டேன்."
இருக்கலாம்.
இருந்தாலும் அந்தப் பெட்டியின் முன் போய் நின்று
கைரேகையைப் படியுங்கள் என்றேன்.
நாற்பத்து மூன்று எழுத்து.

பெரிய எம்.
மெட்ராஸ் எம்மா?
மெட்ராஸ் எம்.
சின்ன கே. ஏழு. பெரிய டி.
டெல்லியா, தாம்பரமா?
தாம்பரம்.
அப்புறம் ஒரு சைபர்.
சைபரா, ஓவா?
இருங்க மேடம், கண்ணாடி போட்டுக்கிறேன்.

திரையில் விரல் வைத்து நகர்ந்தேன்.
என் கல்யாணப் பத்திரிகையைக்கூட
இத்தனை நிதானமாய்ச் சரிபார்க்கவில்லை.
அதில் பிழை இருந்தது.

முப்பத்தொன்றாம் எழுத்தில் தும்மினார்.
முதலிலிருந்து போவோம் என்றேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை.
பிறகு, பெரிய எம் என்றார்.

கடைசியில் எட்டு. எனக்கும் எட்டு.
ஏற்கிறேன் என்று அழுத்தினேன்.

சாவிக்கான ரகசியச் சொல்லைத் தட்டும்போது
திரையில் ஒரு நட்சத்திரம்கூட விழாது.
எத்தனை எழுத்து என்றும் காட்டிக்கொடுக்காத கறுப்பு.
வேளச்சேரி ரயிலில்
ஓடிபியை உரக்கச் சொல்லும் ஊரில்
இது எனக்குப் பிடித்திருக்கிறது.

சம்பளம் வரிசையில் ஏறியது.
எக்ஸிட் என்று தட்டினேன். ஜன்னல் மறைந்தது.

ஜெபமணி போனை வைக்க மறந்திருந்தார்.
நாற்காலி இழுபடும் சத்தம், இருமல்,
அப்புறம் இன்னொரு குரல்:
"யாருண்ணே லைன்ல, இவ்ளோ நேரம்?"
"தெரியாதுப்பா. பெருங்குடின்னாங்க."

நான் யாரென்று
அவர் கேட்கவே இல்லை.

வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.
ஜெனரேட்டர் தகரத்தின் மேல்
மழை தொடங்கியிருந்தது அங்கே.
இங்கே வர அரைமணியாவது ஆகும்.