வங்கி ஒன்று

றெம்ஷைடில் மூன்றாம் நாளாக மழை.
தரிப்பிடம் பதினேழுக்குக் கூரை கிடையாது.
ஓப்பல் கோர்சாவின் மூடியைக் கம்பியால் நிறுத்திவிட்டுக்
குனிந்திருக்கிறேன்:
முதுகு மழைக்கு, தலை வண்டிக்கு.
மூன்றாம் மாடி யன்னலில் வீச்சோரெக் அம்மா.
ஒரு துளி ஒயில் நிலத்தில் சிந்தினால்
திங்கட்கிழமை கடிதம் வரும்.

கராஜில் காட்டினால் நூற்றிருபது யூரோ,
பார்ப்பதற்கு மட்டும், என்றான்
வேலையிடத்துத் தயாபரன்.
அதனால்தான் இந்தப் பதினொரு யூரோ அடாப்டர்.
ஸ்டியரிங்குக்குக் கீழே நீலமாய்க் கண் சிமிட்டுகிறது.
போனில் செயலி அதைத் தேடுகிறது.
தேடுகிறது.
யாருடையதோ தொலைக்காட்சியைக் கண்டுபிடித்து
இணைக்கவா என்கிறது.
வேண்டாம். மறுபடி தேடு.

மொழிப் பட்டியலின் அடியில், ஆச்சரியம், தமிழ்.
பதினாறு வருடம் ஜேர்மனில் வரி கட்டியவள்தான்.
ஆனாலும் விரல் அங்கே போய் விழுந்தது.

மஞ்சள் விளக்கு எரிவதன் காரணம்:
"அமைப்பு மிகவும் ஒல்லி. வங்கி 1."

மழைக்குள் நின்று சிரித்தேன்.
இன்றைக்குத் தேதி இருபத்தேழு.
வங்கி ஒன்று மெலிந்தது எனக்குத் தெரியாதா?
வங்கி இரண்டு என்று ஒன்று
எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

ஜேர்மனுக்கு மாற்றினேன். அங்கேயும் அதே வங்கி.
ஆனால் மெலிவு என்றால் என்னவென்று பிடிபட்டது:
பெற்றோல் குறைவு, காற்றுக் கூட.
எங்கோ ஒரு குழாய் வாயைப் பிளந்திருக்கிறது.
எங்கே?
"மேலும் அறிய" மீது ஒரு பூட்டு.
வருடத்துக்கு முப்பத்தொன்பது தொண்ணூற்றொன்பது.

முப்பது விநாடியில் திரை தூங்கிவிடுகிறது.
எழுப்பினால் விரல் அடையாளம் கேட்கிறது.
இன்று என் விரலுக்கு ரேகை இல்லை,
கிறீஸ் மட்டும்.
கையுறையைக் கழற்று, துடை, அழுத்து,
மாட்டு, குனி, மறுபடி இருட்டு.
இதை வரைந்தவரின் நகக்கண்ணில் கறுப்பு இருந்திருக்காது.
கதிரையில் சாய்ந்து காய்ந்த விரலால்
நல்ல வெளிச்சத்தில் தொட்டுப் பார்த்திருப்பார்.
கை கழுவியவர்.
என்னையும்தான்.

கடைசியில் மூக்கால் தொட்டேன்.
யார் விஷயத்திலும் மூக்கை நுழைக்காதவள் நான்.
அது போய் விழுந்த இடம்
உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பொத்தான்:
"பிழையை அழி."

சந்தாவுக்கு இரண்டு முறை நிச்சயமா என்று கேட்ட செயலி
இதற்கு ஒன்றுமே கேட்கவில்லை.
விளக்கு அணைந்தது.
எல்லாம் நலம் என்று ஒரு சிரித்த முகம்.
குழாய் எதுவோ, அது அப்படியே பிளந்தபடி.

வியாழக்கிழமை டியூஃப் பரிசோதனை.
மூடியைச் சாத்திவிட்டு மேலே போயிருக்கலாம்.
ஒரு நிமிடம் அதைத்தான் நினைத்தேன்,
பொய் சொல்லவில்லை.
பிறகு சும்மா தள்ளித் தள்ளிப் பார்த்ததில்
ஐந்தாம் பக்கத்தில், சாம்பல் நிறத்தில், எறும்பளவில்
ஓர் எண். அசைந்துகொண்டிருந்தது.
கூட்டல் இருபத்துமூன்று.
வண்டி தன் மூச்சைச் சரிக்கட்டப்
படுகிற பாடு அது.
இந்த முழுச் செயலியிலும் உயிருள்ள இடம்
அது ஒன்றுதான்.
அதை ஏன் அங்கே ஒளித்தார்கள்?

பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்துக்
குழாய்க்குக் குழாய் தெளித்தேன்.
ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் பொருட்படுத்தவில்லை.
சின்னவிரல் தடிப்பில் ஒன்று,
பின்பக்கம், கண்ணுக்கு எட்டாத வளைவில்:
நுரையைச் சட்டென்று உள்ளே இழுத்தது.
இயந்திரம் இருமியது.

வெடித்த நுனியை வெட்டினேன். செருகினேன். இறுக்கினேன்.
பதினெட்டு. ஒன்பது. நாலு.
இரண்டில் நின்று மெல்ல ஆடியது.
வீச்சோரெக் அம்மா யன்னலைச் சாத்தினார்.

"எங்கள் செயலி உதவியதா?"
திரையில் ஐந்து நட்சத்திரங்கள்.
கை துடைக்கத் துணி தேடிக்கொண்டிருந்தபோது
ஒரு மழைத்துளி மூன்றாவதன் மேல் விழுந்தது.

நன்றி என்றது.
இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.