ஆறாம் பாட்டின் இரைச்சல்

தமயந்தி பாட்டு வெளிய வந்து இருவது நாளாச்சு.
ஒம்போது பாட்டு, முப்பத்தி நாலு நிமிசம்,
மேகாத்துன்னு பேரு.
காங்கயத்துல எங்க எண்ணெய் மில்லுக்குக் கணக்கெழுதற புள்ள,
ராத்திரியில கிட்டாரத் தூக்கிட்டு வந்து
கொப்பரைக் குடோன்ல மூட்டைகளுக்கு நடுவால உக்காந்து
பாடினது.
சாக்கு எதிரொலியக் குடிச்சிருமாம்.

மொதல்ல சொன்னது அவங்கம்மா:
உனக்கு என்ன கொறை வெச்சோம்,
இத்தன வெசனம் எங்கிருந்து வந்துச்சு?
ஒம்போதையும் கேட்டாங்களான்னு தெரியல.
ரெண்டாம் பாட்டுல வர்ற பச்சைச் சட்டை யாரோடதுன்னு மட்டும்
ரெண்டு தடவ கேட்டிருக்காங்க.

கோயமுத்தூர்ல சவுண்டு எஞ்சினியரு, மச்சான் மொறை, அருள்செழியன்:
நாலும் ஏழும் ஒரே மெட்டு.
குரலு எச்சாப் பின்னால நிக்குது.
ஆறாவதுல அடியில ஒரு இரைச்சல் ஓடுது,
எடுத்துப்போட்டுத் தாரேன், ரெண்டாயிரம் ஆகும்.

வெள்ளகோயில் சிவமலை தறிக்காரரு:
எட்டுத் தறிக்கு நடுவால காதுல மாட்டியிருந்தேனுங்,
ஒண்ணும் கேக்கல.
கரண்டு போச்சு.
அப்பத்தான் தெரிஞ்சுது, அந்தப் புள்ள
அத்தன நேரமும் பாடிட்டுத்தான் இருந்திருக்குது.
ஒண்ணரைப் பாட்டு. கரண்டு வந்திருச்சு.
பொக்குன்னு போச்சுங்.

லாரி ராக்கியண்ணனுக்கு
முன்னால போன கரும்பு டிராக்டரத் தாண்ட மனசே வரலையாம்.
நாப்பது நிமிசம் லேட்டு, ஓனருகிட்டப் பேச்சு.
இனி இது வண்டியில ஆகாது கண்ணு,
ஊட்ல கேட்டுக்கறேன்.

நர்சிங் படிக்கிற ஒருத்தி குரல் பதிவு அனுப்பியிருந்தா.
நாப்பது விநாடியும் பைப்புத் தண்ணி உழுகற சத்தம்,
கடைசில, சரிங்க்கா, வெக்கறேன்.

ஆனா பேச்செல்லாம் அந்த ஆறாம் பாட்டப் பத்தித்தான்.
அந்த இரைச்சல் என்ன?
அட்டைக் கூரையில மழைன்னு ஒருத்தரு.
தாராபுரம் ரோட்டுக் காத்தாடின்னு இன்னொருத்தரு.
மூலனூர்ல மருந்துக்கடை வெச்சிருக்கறவரு
கடையச் சாத்திட்டு வந்து சொன்னாரு:
அது ஆக்சிசன் போற சத்தம்,
எங்கப்பன் கடைசி ரெண்டு நாளும் இதத்தான் கேட்டுட்டிருந்தேன்.
தயவுபண்ணி எடுத்துப்போடாதீங்க.

தமயந்தி யாருக்கும் பதில் சொல்லல.
என்னைய யாரும் கேக்கல.

அது டிரையர் ஊதல்.
நாந்தான் போட்டேன்.
அஞ்சு பாட்டுக்கு நிறுத்திக் குடுத்தேன்,
பொள்ளாச்சி லோடு, நனைஞ்ச பருப்பு,
இன்னொரு மணி நேரம் உட்டாப் பூசணம் புடிச்சிரும்,
மொதலாளிக்கு வெசனத்துக்கெல்லாம் கணக்கு கெடையாது.
சுவிச்சத் தட்டிப்போட்டு எட்டிப் பாத்தேன்.
திட்டுமுன்னு நெனச்சேன்.
கொஞ்ச நேரம் தலையச் சாச்சுக் கேட்டுச்சு,
கம்பிய முறுக்கி முறுக்கி
ஊதலோட சேத்துக்கிட்டு
ஆறாம் பாட்ட அதுமேல வெச்சுப் பாடுச்சு.

எம் பக்கத்துல சாக்கு தெச்சிட்டிருந்த சுதாம்,
ஒரிசாக்காரன், ஊருக்கு வந்து நாலு மாசம்,
தமிழ்ல எண்ணிக்கையும் சாப்பாடும் மட்டும் தெரியும்,
ஊசிய நிறுத்திட்டுக் கேட்டான்:
அக்கா ஆளு பஸ் ஏறிடுச்சா?
ஆமான்னேன்.
எனக்கு மட்டும் எப்படித் தெரியும், இருந்தாலும் ஆமான்னேன்.

அப்புறம் தெனமும் பொழுதோட
ஊதலப் போட்டா, பாட்டு தானா வரும்.
கேட்டுக்கிட்டே கொப்பரை கிளறுவேன்.
நல்லாருக்கா இல்லையான்னு சொல்லத் தெரியல,
கை மெதுவாப் போகும், அவ்வளவுதான்.

போன வாரம் பேரிங் போச்சு.
ஈரோட்டுல இருந்து புதுசு வந்து மாட்டினாங்க.
சத்தம் கொஞ்சூண்டு மேல ஏறிருச்சு.
மொதலாளி காது குடுத்துக் கேட்டுட்டு
இப்பத்தான்டா சுத்தமா ஓடுதுன்னாரு.

எட்டு நாளா
எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம
அந்தப் பாட்டு குடோன் வாசல்லயே நிக்குது.